நவரத்தின நகைகளும் புற ஊதாக் கதிர்களும்



காதில் தோடு, மூக்கில் மூக்குத்தி, விரலில் மோதிரம் ஆகியவற்றை நம் இல்லத்துப் பெண்கள் இரவு பகலாக அணிகின்றனர். வியர்வையும் எண்ணெயும் முகப்பூச்சும் அவற்றின் இடுக்குகளில் படிகின்றன. அந்த அழுக்கில் கிருமிகள் குடியேறுகின்றன. புதிதாகக் காது குத்திய குழந்தையின் துளையில் அவை புகுந்தால் காது வீங்கிச் சீழ் பிடிக்கும். ஆகவே நகையைத் துலக்குவது அழகுக்காக மட்டுமன்று, உடல்நலத்திற்காகவும்தான்.

2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது, புற ஊதாக் கதிரால் பொருள்களைத் தூய்மை செய்யும் சிறு பெட்டிகளைப் பலர் வாங்கினர். கைப்பேசியையும் சாவியையும் வைத்த அப்பெட்டியில் இன்று நகைகளையும் வைக்கின்றனர். அக்கதிர் எவ்வாறு வேலை செய்கிறது? எந்தக் கல் அதைத் தாங்கும்? எந்தக் கல் தாங்காது? இவற்றை இங்கே காண்போம்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

வானவில்லில் ஊதா நிறத்திற்கு அப்பாலும் ஒளி உண்டு என்பதை 1801ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ரிட்டர் கண்டறிந்தார். ஒளி பட்டால் கறுக்கும் சில்வர் குளோரைடு என்னும் பொருள், ஊதாவுக்கு அப்பால் ஒன்றும் தெரியாத இடத்தில் இன்னும் விரைவாகக் கறுத்தது. 1877இல் டவுன்ஸ், பிளன்ட் என்னும் இரு ஆங்கிலேயர், சூரிய ஒளி கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று காட்டினர்.

புற ஊதாக் கதிர்களை ஏ, பி, சி என மூவகையாகப் பிரிப்பர். கிருமிகளைக் கொல்வதில் வல்லது சி வகை. சூரியனிலிருந்து வரும் சி வகைக் கதிர்களை நம் வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. எனவே விளக்கின் மூலமே அதைப் பெறுகிறோம். பாதரச ஆவி விளக்கு 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிரைத் தருகிறது. இக்கதிர் கிருமியின் மரபுப் பொருளான டி.என்.ஏ.வைத் தாக்கிச் சிதைக்கிறது. அதனால் கிருமி பெருக இயலாமற் போகிறது.

நிழலில் ஒளியும் கிருமிகள்

இங்கே முக்கியமான ஓர் உண்மையை மனத்தில் இருத்துங்கள். இக்கதிர் நேர்கோட்டில் செல்வது. அது பட்ட இடத்தில்தான் பயன் உண்டு. நிழலில் பயன் இல்லை. சாதாரணக் கண்ணாடியும் பெரும்பாலான பிளாஸ்டிக்குகளும் அதைத் தடுத்துவிடும். அழுக்குப் படலமும் கிருமிக்குக் குடை பிடிக்கும்.

இருட்டறையில் ஒரு தோட்டை மேசைமேல் வைத்து, டார்ச் விளக்கால் மேலிருந்து ஒளி பாய்ச்சிப் பாருங்கள். கல்லின் முகம் மின்னும். ஆனால் கல் அமர்ந்திருக்கும் கூட்டின் அடிப்புறம், தண்டின் மறுபக்கம், திருகாணியின் புரிகள் ஆகிய இடங்களில் நிழல் விழும். அழுக்கு சேருவதும் அங்கேதான். காதுத் துளையைத் தொடுவதும் அப்பகுதியே. ஆகவே கழுவாத தோட்டைப் பெட்டியில் வைப்பது, கூட்டாத வீட்டில் கோலம் போடுவது போன்றதாகும்.

இன்னொன்று: சில வைரங்கள் புற ஊதாக் கதிரில் நீலமாகவும், மாணிக்கக் கற்கள் பல சிவப்பாகவும் ஒளிரும். இது கல்லின் இயல்பு. இவ்வொளியைக் கண்டு கிருமி அழிந்துவிட்டது என்று எண்ணலாகாது.

கல்லை அறிந்து கதிரைக் காட்டுக

வைரம், மாணிக்கம், நீலம், கோமேதகம், வைடூரியம் ஆகியவை இயற்கை நிறமுடையவையாக இருந்தால், சில நிமிட நேரக் கதிரை இடரின்றித் தாங்கும்.

மரகதத்தில் இயல்பாகவே நுண்ணிய வெடிப்புகள் உண்டு. அவற்றை எண்ணெயாலோ பிசினாலோ நிரப்பியே பெரும்பாலும் விற்கின்றனர். வெந்நீரும் சூடும் ஸ்பிரிட்டும் அந்நிரப்பைக் கெடுக்கும். நெடுநேரக் கதிரும் நல்லதன்று.

புஷ்பராகம் என்ற பெயரில் விற்கப்படும் மஞ்சள் கற்களுள் சில, கதிர்வீச்சால் நிறமூட்டப்பட்டவை. அந்நிறம் ஒளியில் மங்கிப்போகும். செவ்வந்திக் கல்லிலும் சில கடும் ஒளியில் வெளுக்கும்.

முத்தும் பவளமும் கடல்வாழ் உயிர்கள் தந்தவை. இரண்டும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. முத்தில் புரதப் பொருளும் கலந்திருக்கிறது. இவ்விரண்டையும் கதிர்ப் பெட்டியில் வைக்க வேண்டாம். வினிகர், எலுமிச்சைச் சாறு ஆகிய அமிலங்களும் இவற்றுக்குப் பகை. ஈரமான மெல்லிய துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தினால் போதும்.

பாட்டி காலத்துக் கல் நகைகளில் கல்லின் அடியில் மெல்லிய தகடும் அரக்கும் வைத்து மூடியிருப்பர். அவற்றை நீரில் ஊறவைத்தால் தகடு கறுத்துக் கல் ஒளி இழந்துவிடும். அவற்றையும் துடைப்பதே முறை. எந்தக் கல் என்று ஐயமாக இருந்தால், நகை செய்யும் பத்தரிடமோ நம்பகமான நகைக்கடையிலோ கேட்டறியுங்கள்.

செய்முறை

1. நகைகளைக் கல்வாரியாகப் பிரியுங்கள். முத்து, பவளம், அடி மூடிய நகை ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்.

2. மற்றவற்றை ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீரும் சில துளி மென்மையான சோப்புக் கரைசலும் விட்டுக் கழுவுங்கள். திருகாணியைக் கழற்றி, குழந்தைகளின் பல் துலக்கியால் புரிகளையும் தண்டையும் தேய்த்து, நல்ல நீரில் அலசுங்கள். தண்ணீர்க் குழாயின் அடியில் கழுவினால் சிறு திருகாணி சாக்கடையோடு போய்விடும்.

3. பருத்தித் துணியால் ஒற்றி நன்றாக உலர்த்துங்கள்.

4. பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி வையுங்கள். பெட்டியோடு வந்த கையேட்டில் குறித்த நேரம் மட்டும் கதிரைக் காட்டுங்கள். பின்னர் நகையைப் புரட்டி மறுபுறமும் காட்டுங்கள்.

கண்ணைக் காப்போம்

சி வகைக் கதிர் கிருமிக்கு மட்டும் பகையன்று; நம் கண்ணுக்கும் தோலுக்கும் பகையே. அது பட்டவுடன் வலி தெரியாது. சில மணி நேரம் கழித்தே மணல் விழுந்தாற்போல் கண் உறுத்திச் சிவந்து நீர் வடியும். எனவே மூடியைத் திறந்தவுடன் தானாக அணையும் பெட்டியையே வாங்க வேண்டும். கையில் பிடித்து வீசும் கோல் விளக்குகள் வேண்டாம். அவற்றுள் சில, நொடிகளிலேயே கண்ணையும் தோலையும் புண்படுத்தக்கூடியவை என்று 2022இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. பெரியவர்கள் உடன் இல்லாமல் சிறுமியர் எந்த விளக்கையும் இயக்கலாகாது. பாதரச விளக்கு உடைந்தால் சன்னல்களைத் திறந்துவிட்டு, பெரியவர்களை அழையுங்கள். துண்டுகளைக் கையால் தொடாதீர்கள்.

விளக்கால் ஆகாதது

கிருமிகளைக் குறைப்பது வேறு. முற்றிலும் நீக்குவது வேறு. வீட்டுப் பெட்டி முன்னதையே செய்யும். ஹெபடைடிஸ் பி நோயின் வைரஸ், உலர்ந்த இரத்தத்தில் குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கவல்லது. ஆதலால் காது குத்தும் ஊசியையும் முதல் தோட்டையும் வீட்டு விளக்கை நம்பிப் பயன்படுத்தக் கூடாது. முறைப்படி கிருமி நீக்கியவற்றையே பயன்படுத்த வேண்டும். புண் ஆறாத காதுடைய தோழியர் தோடு மாற்றி அணிவதும் தகாது. துளை சிவந்து வீங்கிச் சீழ் வந்தால், நகையை விளக்கில் காட்டுவதை விட்டு, குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெற்றோரே, பெட்டி வாங்க வசதி இல்லையே என வருந்த வேண்டாம். சோப்பும் நீரும் மென்மையான துலக்கியும் செய்யும் பணியே பெரிது. விளக்கு அதற்குத் துணை மட்டுமே. மாணவியரே, வாரம் ஒருமுறை உங்கள் தோட்டின் திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். முகப்பு பளபளத்தால் மட்டும் போதாது. பிறர் காணாத அடிப்புறமும் தூய்மையாக இருக்கட்டும்.