வாலட்டின் 12 சொற்களைப் பத்திரப்படுத்துவது எப்படி?

கிரிப்டோ வாலட் வைத்திருக்கும் ஒருவரிடம் "பேக்கப் எடுத்து வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டால், "ஓ, சொற்களை எழுதி வைத்திருக்கிறேனே" என்று பதில் வரும். "அந்தச் சொற்களை வைத்து ஒரு தடவையாவது வாலட்டைத் திரும்பக் கொண்டுவந்து பார்த்தீர்களா?" என்று அடுத்துக் கேளுங்கள். அநேகமாகப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அந்த இரண்டாவது கேள்விக்கு நீங்கள் தயங்காமல் "ஆமாம்" சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

எதைக் காப்பாற்றப்போகிறோம் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். உங்கள் பிட்காயினோ ஈதரோ ஃபோனுக்குள் இல்லை. கணக்கு பிளாக்செயினில் இருக்கிறது. ஃபோனில் இருப்பது அதைச் செலவழிப்பதற்கான சாவி மட்டும். 2013-ல் உருவான பிப்-39 என்ற விதிமுறையைப் பெரும்பாலான வாலட்டுகள் பின்பற்றுகின்றன. 2,048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களை வாலட் உங்களுக்குக் காட்டும். இவற்றைத்தான் சீட் ஃபிரேஸ் என்கிறோம். இந்தச் சொற்களும் அவற்றின் வரிசையும் கையில் இருந்தால் எல்லாச் சாவிகளையும் மறுபடி உருவாக்கிவிடலாம். ஃபோன் கிணற்றில் விழுந்தாலும் பணம் போகாது. ஆனால் சொற்கள் இன்னொருவர் கைக்குப் போய்விட்டால், ஃபோன் உங்கள் சட்டைப் பையில் இருக்கும்போதே பணம் போய்விடும்.

எக்ஸ்சேஞ்சிலேயே நாணயங்களை விட்டுவைத்திருப்பவர்களுக்கு இப்படிச் சொற்கள் எதுவும் கிடையாது. சாவி அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடுபோனபோது, வாடிக்கையாளர்களிடம் மீட்டெடுக்க எந்தப் பேக்கப்பும் இல்லை. இங்கே சொல்லப்போவதெல்லாம் சாவியைத் தாமே வைத்திருப்பவர்களுக்கு.

எழுதும்போது

தனியாக உட்காருங்கள். தலைக்கு மேலே சிசிடிவி இருக்கும் கடையிலோ அலுவலகத்திலோ வேண்டாம். சொற்களை உங்கள் வாலட்தான் உருவாக்கிக் காட்ட வேண்டும். ஹார்டுவேர் வாலட் வாங்கிப் பெட்டியைப் பிரிக்கும்போதே சொற்கள் அச்சிட்ட அட்டை உள்ளே இருந்தால், அது திருடன் வைத்த பொறி. அந்தக் கருவியைத் தொடவே தொடாதீர்கள்.

நல்ல தடித்த தாளில், பால்பாயின்ட் பேனாவால், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், ஒவ்வொரு சொல்லுக்கும் வரிசை எண் போட்டு எழுதுங்கள். யாருக்கும் புரியக் கூடாது என்று தமிழ் எழுத்தில் எழுதுவது ஆபத்து. 'கார்டு' என்று எழுதி வைத்தால், அது சீட்டுக்கட்டின் கார்டா, மாட்டு வண்டியைக் குறிக்கும் கார்ட்டா என்று சில வருடம் கழித்து உங்களுக்கே தெரியாது. பட்டியலில் இரண்டு சொற்களும் இருக்கின்றன. கையெழுத்து சரியில்லை என்றாலும் இதே தொல்லைதான்: வைன், விங், விங்க் மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு, ஆங்கிலத்தில் அவற்றுக்குள் வித்தியாசம் கடைசி எழுத்து மட்டும்.

அதே தாளின் அடியில் இன்னும் சில விவரங்களைக் குறியுங்கள்: எந்த வாலட், எந்தத் தேதியில் உருவாக்கியது, பிட்காயினா எத்தீரியமா, முதல் முகவரி எது. வாலட்டின் பெயர் முக்கியம். எலெக்ட்ரம் வாலட் தரும் 12 சொற்கள் பிப்-39 முறையில் அமைந்தவை அல்ல. பெயரைக் குறித்திருந்தால், அவற்றை வேறு வாலட்டில் போட்டுவிட்டு, பணம் தொலைந்தது என்று தலையில் கை வைத்து உட்கார வேண்டியிருக்காது.

ஃபோட்டோ எடுக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக்கொள்வது, ஜிமெயில் டிராஃப்ட், கிளவுட், எதுவும் கூடாது. 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் 'ஸ்பார்க்கேட்' என்ற தீநிரலைக் கண்டுபிடித்தது. கூகுள் பிளேயிலும் ஆப்பிள் ஆப் ஸ்டோரிலும் கிடைத்த ஆப்களுக்குள் ஒளிந்திருந்த அது, ஃபோனின் கேலரியில் உள்ள படங்களைப் படித்து, சீட் ஃபிரேஸ் தெரிகிறதா என்று தேடியது. பாஸ்வேர்டு மேனேஜரிலும் வேண்டாம் என்பதே என் கருத்து. 2022-ல் லாஸ்ட்பாஸ் வாடிக்கையாளர்களின் பெட்டகங்களை மறையாக்கப்பட்ட நிலையிலேயே அள்ளிச் சென்றார்கள். இணைய வங்கிக் கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். சீட் ஃபிரேஸை மாற்ற முடியாது.

மீட்டுப் பாருங்கள்

இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். பெரிய தொகையை வாலட்டுக்கு மாற்றும் முன்னால் செய்துவிடுங்கள்.

முதலில் ஒரு சிறு தொகையை அனுப்புங்கள். முதல் முகவரியைத் தாளில் உள்ளதோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். பிறகு ஹார்டுவேர் வாலட்டை முழுவதும் அழித்துவிடுங்கள். லெட்ஜர் ஹார்டுவேர் வாலட்டில் பின் நம்பரை மூன்று முறை தவறாகப் போட்டாலே அது தன்னை அழித்துக்கொள்ளும். ஃபோன் ஆப் என்றால் அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போடுங்கள். இப்போது தாளைப் பார்த்து, தாளை மட்டுமே பார்த்து, சொற்களை ஒவ்வொன்றாக உள்ளிடுங்கள். அதே முகவரியும் அதே சிறு தொகையும் வர வேண்டும்.

வாலட் "சரி" என்று ஏற்றுக்கொண்டதே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 12 சொற்களில் கடைசிச் சொல்லுக்குள் ஒரு சிறிய சரிபார்ப்பு எண் ஒளிந்திருக்கிறது. ஒரு சொல்லைத் தப்பாகப் போட்டால் 16-க்கு 15 தடவை அது கண்டுபிடித்துவிடும். மிச்சமுள்ள ஒரு தடவை, தப்பான சொல்லையும் ஏற்றுக்கொண்டு வேறொரு காலி வாலட்டைத் திறந்து காட்டும். ஆகவே முகவரி பொருந்துகிறதா என்று பார்ப்பது ஒன்றே அத்தாட்சி.

இந்தச் சோதனையை உங்கள் சொந்தக் கருவியில் மட்டும் செய்யுங்கள். "உங்கள் சொற்கள் சரியா என்று சோதித்துத் தருகிறோம்" என்று கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது திருட்டுத் தளம். தபாலில் வந்தாலும் நம்பக் கூடாது. 2020-ல் லெட்ஜர் வாடிக்கையாளர்கள் சுமார் 2.7 லட்சம் பேரின் பெயர், வீட்டு முகவரி, ஃபோன் எண்கள் வெளியாயின. அடுத்த வருடம் அவர்களில் சிலருக்கு, பழையதற்குப் பதிலாகப் புதிது அனுப்பியிருக்கிறோம் என்ற கடிதத்துடன் போலிக் கருவிகளே வீட்டுக்கு வந்தன.

தாளிலிருந்து தகட்டுக்கு

தாளைக் கரையான் அரிக்கும், தண்ணீர் ஊறவைக்கும், தீ எரிக்கும். கொஞ்சம் பெரிய தொகை என்றால் உலோகத் தகடு அவசியம். அலுமினியம் வேண்டாம், 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், வீட்டுத் தீ அதைத் தாண்டக்கூடியது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 1,400 டிகிரிக்குப் பக்கத்தில்தான் உருகும். உள்ளங்கை அகலத்தில், ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் ஒரு எவர்சில்வர் தகடு போதும்.

பாத்திரக் கடையில் பெயர் வெட்டிக் கொடுப்பவரிடம் இதைக் கொடுக்கக் கூடாது என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. ஹார்டுவேர் கடைகளில் லெட்டர் பஞ்ச் செட் கிடைக்கும். அதை வாங்கி நீங்களே அடியுங்கள். பட்டியலில் உள்ள சொற்கள் எல்லாவற்றுக்கும் முதல் நான்கு எழுத்துகள் வேறுபடும் என்பதால் நான்கு எழுத்து அடித்தாலே போதும். மூன்றெழுத்துச் சொல்லுக்கு நான்காவது இடத்தை வெறுமையாக விடுங்கள். 12 சொல்லுக்கு மிஞ்சிப்போனால் 48 அடி. மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு, தகட்டைக் கனமான இரும்புத் துண்டின் மேல் வையுங்கள். டைல்ஸ் தரையில் வைத்து அடித்தால் தரைதான் விரிசல் விடும். பஞ்சை நேராகப் பிடித்து ஒரே அடி. இரண்டாம் அடியில் எழுத்து இரட்டையாகிவிடும். ஓர் எழுத்து தப்பாகிவிட்டால் அதன் மேலேயே திருத்தாதீர்கள். அந்தச் சொல்லை முழுவதும் அடித்துவிட்டுப் பக்கத்தில் புதிதாகப் பதியுங்கள். முடிந்ததும் தகட்டைப் பார்த்தே இன்னொரு முறை மீட்டுப் பாருங்கள்.

எங்கே வைப்பது?

இரண்டு பிரதி, இரண்டு வேறு இடம். பிரிட்டனின் நியூபோர்ட் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹவல்ஸ் 2013-ல் சுமார் 8,000 பிட்காயின்களின் சாவி இருந்த ஹார்டு டிஸ்க்கைப் பறிகொடுத்தார். அது குப்பையோடு குப்பையாக நகரின் குப்பைக் கிடங்குக்குப் போய்விட்டது. தோண்டிப் பார்க்க விடும்படி அவர் தொடுத்த வழக்கை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வேறோர் இடத்தில் ஒரே ஒரு பிரதி இருந்திருந்தால் அந்த வழக்குக்கே தேவை இருந்திருக்காது.

ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று வேறு பகுதியில். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு வீடுகள் கணக்கில் சேராது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பேட்டை பேட்டையாகத் தண்ணீர் நின்றதை மறந்துவிடக் கூடாது. வங்கி லாக்கர் நல்ல இடம்தான், ஆனால் தகட்டை அங்கே வையுங்கள், தாளை அல்ல. ரிசர்வ் வங்கியின் 2022 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றுக்கு வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்குவரைதான். வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்குப் பொறுப்பே இல்லை. தகட்டை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். யாராவது பிரித்தால் தெரியும்.

இங்கே பலருக்கு ஒரு யோசனை வரும்: சொற்களை மூன்று பங்காகப் பிரித்து, எந்த இரண்டு தாள் சேர்ந்தாலும் 12 சொல்லும் கிடைக்கும்படி மூன்று இடத்தில் வைத்தால் என்ன? கேட்க நன்றாக இருக்கும், செய்துவிடாதீர்கள். ஒவ்வொரு தாளிலும் 8 சொற்கள் இருக்கும். ஒரு தாள் கிடைத்தவனுக்கு 4 சொற்கள்தான் பாக்கி. சரிபார்ப்பு எண்ணைக் கழித்தால் அவன் முயல வேண்டியவை சுமார் 1.1 லட்சம் கோடி சேர்க்கைகள். நமக்குத்தான் அது மலைப்பு. 2020-ல் அலிஸ்டர் மில்ன் என்பவர் ஒரு பிட்காயினைப் பரிசாக வைத்து, அதன் 12 சொற்களுக்கான குறிப்புகளை ஒவ்வொன்றாக வெளியிட்டு வந்தார். 8 சொற்கள் தெரிந்த நிலையிலேயே ஜான் கேன்ட்ரெல் என்ற புரோகிராமர், வாடகைக்கு எடுத்த கிராஃபிக்ஸ் கார்டுகளை ஓடவிட்டு சுமார் 30 மணி நேரத்தில் மிச்சத்தைக் கண்டுபிடித்துப் பரிசை எடுத்துவிட்டார். பிரித்துத்தான் வைக்க வேண்டும் என்றால், அதற்கென்றே உருவான ஸ்லிப்-39 முறை இருக்கிறது. ட்ரெஸர் ஹார்டுவேர் வாலட்டுகள் சிலவற்றில் கிடைக்கும். அதில் ஒரு பங்கு மட்டும் கையில் கிடைத்தவனுக்கு எதுவுமே தெரியாது.

பாஸ்ஃபிரேஸ் போடலாமா?

12 சொற்களுக்கு மேல் நீங்களே ஒன்றைச் சேர்க்கும் வசதி இது. தகடு திருடன் கையில் சிக்கினாலும் பணத்தைக் காக்கும். ஆனால் இதில் "தப்பு" என்று எந்த வாலட்டும் சொல்லாது. ஓர் எழுத்து மாறினாலும் வேறொரு காலி வாலட் அமைதியாகத் திறக்கும். நினைவில் மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்பவர்களுக்கு ஸ்டீஃபன் தாமஸின் கதையைச் சொல்ல வேண்டும். 7,002 பிட்காயின்களின் சாவி இருக்கும் ஐயன்கீ டிரைவின் கடவுச்சொல்லை எழுதிய தாளைத் தொலைத்துவிட்டார். கடவுச்சொல்லைப் போட்டுப் பார்க்க அந்த டிரைவ் தரும் பத்து வாய்ப்பில் எட்டு தீர்ந்துவிட்டது என்ற செய்தி 2021-ல் உலகம் முழுக்கப் பரவியது. பாஸ்ஃபிரேஸ் போட்டால் அதையும் எழுதி, சொற்கள் இருக்கும் இடத்தில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். முதல் தடவை வாலட் வைத்திருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை என்பேன்.

குடும்பத்துக்கு ஒரு கடிதம்

உங்களுக்கு ஏதாவது ஆனால் மனைவியோ கணவரோ பிள்ளைகளோ என்ன செய்வார்கள்? வங்கிக் கணக்குபோல் இறப்புச் சான்றிதழைக் காட்டிக் கேட்க இங்கே மேனேஜர் இல்லை. ஒரு கடிதம் எழுதுங்கள். இப்படி ஒரு சொத்து இருக்கிறது, எந்த வாலட், தகடு எங்கே, பாஸ்ஃபிரேஸ் உண்டா, நம்பிக்கையான யாரிடம் உதவி கேட்கலாம் என்று மட்டும் அதில் இருக்கட்டும். சொற்கள் அதில் இருக்கக் கூடாது. உயிலிலும் எழுத வேண்டாம். எழுதுபவர், சாட்சிகள், பதிவு அலுவலகம் என்று பலர் கண்ணில் படும். "யார் ஃபோன் செய்து கேட்டாலும் சொற்களைச் சொல்லாதே" என்ற வரியைக் கடிதத்தின் முதலிலேயே பெரிதாக எழுதுங்கள்.

வாங்கிய ரசீதுகளையும் இதோடு சேருங்கள். இந்தியாவில் 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி. வாங்கிய விலையை மட்டுமே கழிக்கலாம். அந்த விலைக்கு ஆதாரம் இல்லாவிட்டால் பிறகு விற்கும்போது சிக்கல். இந்த ரசீதுகளைக் கிளவுடில் வைத்தால் பரவாயில்லை.

வருடத்துக்கு ஒரு முறை ஒரு நாள் குறித்துக்கொண்டு, உறை பிரிக்கப்பட்டிருக்கிறதா, கடிதத்தில் உள்ள தகவல் இன்னும் சரியா என்று பாருங்கள்.

சொற்களை யாரோ பார்த்துவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால், காத்திருக்காமல் வேறொரு கருவியில் புதிய வாலட் உருவாக்கி, எழுதி, முகவரியைச் சரிபார்த்துவிட்டு எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். பெரிய தொகை முதலில். எத்தீரியத்தில் டோக்கன்கள் இருந்தால் கட்டணத்துக்கான ஈதரைக் கடைசியில் நகர்த்துங்கள். முதலிலேயே மாற்றிவிட்டால் டோக்கன்கள் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பழைய தாளை உடனே கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பழைய முகவரியை யாரிடமாவது கொடுத்திருந்தால் அதற்கு இன்னும் பணம் வரக்கூடும். 'பழையது' என்று தேதியோடு அதன் மேல் எழுதி, குடும்பக் கடிதத்திலும் அதைக் குறித்து, முன்புபோலவே பூட்டி வையுங்கள்.