சேம்பிலைத் துளிகள்

வாளையாறு

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அறுத்துப் படமெடுத்து அனுப்பிய டப்பா, வண்டிப் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். பட்டறையில் ‘கேட்’ என்போம். 1995-ல் நான்கு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாகி, பிறகு உங்கள் மலைக்கும் ஏறி வந்த சாமான். உள்ளே தேன்கூடு மாதிரிப் பீங்கான். நடுக்கண்கள் உருகி அடைத்திருக்கின்றன. வண்டி மேட்டில் இழுக்காதது அதனால்தான்.

உருகாத ஓரக்கண்களும் செத்திருக்கும். பீங்கான் வெறும் தாங்கி. அதன்மேல் நுண்துளை நிறைந்த அலுமினாப் பூச்சு. அதில் ஒரு கிராமை விரித்தால் 100 சதுர மீட்டருக்கு மேல் வரும், நம் கணக்கில் இரண்டரை சென்ட். அந்த நிலத்தில் பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் சில நானோமீட்டர் துளிகளாக விதைத்திருக்கும். உலோக உப்புக் கரைசலில் நனைத்து, உலர்த்தி, 500 டிகிரி வாக்கில் சுட்டால் உப்பு சிதைந்து உலோகம் பூச்சில் ஒட்டும்.

சூடு அந்த அளவில் இருந்தால் நல்லது. பிளக் கெட்டு மிஸ்ஸிங் அடித்தால் எரியாத பெட்ரோல் கேட்டுக்குள் போய் எரியும். 1000 டிகிரியைத் தாண்டிவிடும். பனிக்காலக் காலையில் சேம்பிலையைப் பார். பொடித் துளிகள் இலை ஆடியதும் ஓடிச் சேர்ந்து ஒரே உருண்டையாகும். உலோகத் துளிகளும் சூட்டில் அப்படி நகர்ந்து சேரும். எட்டுத் துளி ஒன்றானால் எடை அதே, மேற்பரப்பு பாதி. புகை தொடுவதோ மேற்பரப்பைத்தான். அலுமினாவும் சும்மா இராது. துளைகள் மூடி, இரண்டரை சென்ட் ஒரு சின்ன அறையளவுக்குச் சுருங்கி, கொஞ்சம் உலோகத்தையும் புதைத்துவிடும். உலோகம் பெரும்பாலும் உள்ளேயே கிடப்பது பழைய இரும்புக்காரருக்குத் தெரியும். செத்த கேட்டுக்கும் நல்ல விலை தருகிறார்.

துளிகள் இப்படிச் சேர்ந்துவிடாமல் இருக்க, புகையின் தன்மை மாற மாறப் பல்லேடியம் படிகத்துக்குள் போய்ப் போய் வெளிவருகிற மாதிரி ஒன்றை டைஹாட்ஸு நிறுவனத்தார் ஜப்பானில் செய்து 2002-ல் அறிவித்தார்கள். உன் பழைய வண்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

பேட்டரி இறங்கினால் இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்கிறாயே, அதை விடு. அப்போதும் எரியாத பெட்ரோல் உள்ளே போகும். புதுக் கேட் மாட்டுமுன் பிளக்கையும் காயிலையும் பார்த்துவிடு. இல்லாவிட்டால் புதியதும் இதே கதிதான்.

மாட்டிக்கொண்டு இங்கே வரும்போது வழியில் சின்னாற்றுக் காட்டில் காய்ந்த புல்மேல் மட்டும் வண்டியை நிறுத்தாதே. நல்ல கேட்டே புல்லைப் பற்றவைக்கும் சூட்டில்தான் ஓடும்.

அன்புடன்,
மாமா