மேசை வாடகையும் வாத்தியார் சம்பளமும்

தஞ்சாவூரில் பாட்டுக்கும் பரதத்துக்கும் வாத்தியார் வைப்பதை யாரும் வீண்செலவு என்று சொல்வதில்லை. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் கச்சேரி வரிசையைத் தஞ்சை நால்வர் வகுத்துக் கொடுத்த ஊர் இது. ஆனால் கல்லூரிக்குப் போகும் பையன் வந்து, "அப்பா, ஸ்னூக்கர் கத்துக்கப் போறேன், ஃபீஸ் கட்டணும்" என்றால் வீடு நிமிர்ந்து உட்காரும். குண்டை உருட்டிக் குழியில் தள்ள ஒரு வாத்தியாரா என்பதுதான் முதல் கேள்வி.

கேள்வி நியாயமானதுதான். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் ஸ்னூக்கர், பூல் மேசைகள் போட்ட கூடங்கள் இருக்கின்றன. மணிக்கணக்கில் காசு கொடுத்தால் யாரும் ஆடலாம். இந்த ஆட்டம் தமிழ்நாட்டுக்கு அந்நியமும் அல்ல. 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிவைத்த ஸ்னூக்கருக்கு, 1880-களில் நம் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லேன் வேறு ஆள்.) ஆட்டம் வந்து இத்தனை காலமாகியும், அதைக் காசு கொடுத்துக் கற்கலாமா என்பதில் மட்டும் ஆளுக்கொரு நம்பிக்கை.

"அது பிறவியிலேயே வரணும், சொல்லிக்கொடுத்து வராது"

டெல்டாக்காரர்கள் இதற்கு உடனே சாட்சி காட்டுவார்கள்: திருவிடைமருதூர் மாலி. மாலி என்ற டி.ஆர்.மகாலிங்கம் புல்லாங்குழலைத் தானாகவே பிடித்துக்கொண்டவர்தான். ஆனால் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தால் கதை கொஞ்சம் மாறும். குழல் அவர் கைக்கு வருவதற்கு முன்பே, மாமா ஜால்ரா கோபாலய்யர் வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வீட்டில் அவர் காதில் சங்கீதம் ஏறியிருந்தது. தானாக வந்தது வாத்தியம். இசைக்கு வாத்தியார் இருந்தார்.

கியூ, அதாவது ஆட்டக் கோல், பிடித்தவர்களின் கதையும் அப்படித்தான். பங்கஜ் அத்வானியைப் பெங்களூரில் முதலில் ஸ்னூக்கர் மேசைக்கு இழுத்தது அண்ணன் ஸ்ரீ. அந்தக் கையை உலக சாம்பியன் கையாக்கியது முன்னாள் தேசிய சாம்பியன் அரவிந்த் சவூர். 2025 நவம்பரில் தோஹாவில் ஹாங்காங்கின் ங் ஆன்-யீயை 3-2 என்று வென்று உலக சாம்பியனான சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன், ஒரு கோடைப் பயிற்சி முகாமில்தான் ஆட்டத்துக்குள் வந்தார். 1980-களில் ஆறு முறை உலகப் பட்டம் வென்ற ஸ்டீவ் டேவிஸுக்குத் தொடக்கத்தில் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் இல்லை. அப்பா பில் இருந்தார், ஜோ டேவிஸ் எழுதிய பாடப் புத்தகம் ஒன்று இருந்தது. புத்தகத்தில் சொன்னபடி மகன் நிற்கிறானா என்று அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வீட்டில் மிச்சமானது பயிற்சியாளர் சம்பளம் மட்டும்தான், பயிற்சி அல்ல.

பிறவித் திறமை பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. 2014-ல் மக்னமாரா என்ற ஆய்வாளரும் சகாக்களும் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் ஆளுக்கு ஆள் உள்ள திறமை வேறுபாட்டில் 26 சதவீதத்தையும், விளையாட்டுகளில் 18 சதவீதத்தையும்தான் திட்டமிட்ட பயிற்சியைக் கொண்டு விளக்க முடிந்தது. பத்தாயிரம் மணி நேரம் ஆடினால் யாரும் சாம்பியன் என்று சொல்லிக் கட்டணம் கேட்கும் விளம்பரத்தையும் இதே எண்கள் கவிழ்க்கின்றன. மகன் உலகப் பட்டம் வாங்குவான் என்று கட்டும் ஃபீஸ் லாட்டரிச் சீட்டு. நேராக அடிக்கக் கற்பான் என்று கட்டும் ஃபீஸுக்குப் பலன் உண்டு.

"ஆடி ஆடியே வந்துடும்"

மிகப் பரவலான நம்பிக்கை இதுதான். அதிகம் செலவு வைப்பதும் இதுதான்.

முதலில் கூடத்தின் வழக்கத்தைப் பார்க்க வேண்டும். பல இடங்களில் தோற்றவர்தான் மேசைக் காசு கொடுப்பார். புதிதாக வந்தவர் தோற்பார், தோற்றால் கட்டுவார், கட்டியதற்கு ஆடினாரா என்றால் அதுவும் இல்லை. எதிராளி கைதேர்ந்தவராக இருந்தால் அவர் வரிசையாகப் போட்டுக்கொண்டே போவார், புதியவர் சாக் கட்டியைத் தேய்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒரு மணி நேர ஆட்டத்தில் கால் மணி நேரம்கூட அவர் மேசை அருகில் போக முடியாத நாட்கள் உண்டு. சுருக்கமாகச் சொன்னால், அடுத்தவர் பயிற்சிக்கு இவர் வாடகை கட்டுகிறார்.

இரண்டாவது சிக்கல் உடம்பில் இருக்கிறது. குனிந்து, தாடை கியூவை உரச, கண் வெள்ளைப் பந்தின் மேல் நிற்கும்போது ஆடுபவருக்குத் தன் முழங்கை தெரியாது. முழங்கை வெளியே போகிறதா, அடிக்கும் கணத்தில் தோள் எழும்புகிறதா, கியூ பார்வைக் கோட்டை விட்டு ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டதா என்பதை அவரால் பார்க்கவே முடியாது. பந்து குழியில் விழாதது மட்டும் தெரியும். உடனே குறியைத் திருத்துவார். கோணல் கையைக் கோணல் குறியால் சரிக்கட்டப் பழகிவிட்டால், சில மாதங்களில் அது இயல்பாகிவிடும். பக்கத்துக் குழிக்குப் போகும், தூரத்துக் குழிக்குப் போகாது. 12 அடி மேசையில், 52.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்தில், கண்ணுக்குத் தெரியாத சிறு கோணல் கடைசியில் குழியின் உதட்டில் போய் நிற்கும். பல வருடமாக ஆடியும் ஒரே இடத்தில் நிற்பவர்களைக் கூடத்துக்கு ஒருவராவது பார்க்கலாம். குறை அவர்கள் உழைப்பில் இல்லை.

இதைச் சோதிக்க யாரையும் கேட்க வேண்டாம். ஸ்னூக்கர் மேசையில் பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு நான்கின் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். வெள்ளைப் பந்தைப் பழுப்புப் புள்ளியில் வைத்து, மற்றப் பந்துகளை எடுத்துவிட்டு, அந்தக் கோட்டின் மேலேயே எதிர்ச் சுவர் வரை அடிக்க வேண்டும். போன வழியிலேயே திரும்பி வந்து கியூ முனையைத் தொட்டால் கை நேர். ஒரு பக்கமாக ஒதுங்கி வந்தால், தெரியாமலேயே பந்தின் பக்கவாட்டில் பட்டிருக்கிறது. இருபது முறை அடித்து எத்தனை நேராக வந்தது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். வகுப்புக்கு முன் ஒரு எண், நான்கு வகுப்பு முடிந்து சில வாரம் கழித்து ஒரு எண். கொடுத்த காசுக்கு ரசீது அந்த இரண்டு எண்கள்தான்.

"கணக்குல புலியா இருந்தா போதும்"

பொறியியல் மாணவர்கள் நிறைந்த ஊரில் இந்த எண்ணம் வராமல் இருக்குமா? பில்லியர்ட்ஸுக்குக் கணக்கு உண்டு என்பது உண்மையே. 1835-ல் பிரெஞ்சுக்காரர் கோரியோலிஸ் இந்த ஆட்டத்தின் கணிதத்தை ஒரு புத்தகமாகவே எழுதினார். டெல்டாவுக்கு அவர் வேறு வழியிலும் தெரிந்தவர்: 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையேறிப் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னைகளைச் சாய்த்த கஜா புயல் சுழன்றது அவர் பெயர் தாங்கிய விளைவால்தான்.

அவர் கணக்கில் ஒரு துண்டு பயனுள்ளது. வெள்ளைப் பந்தின் மையம் இலக்குப் பந்தின் விளிம்பை நோக்கிப் போனால், அதாவது பாதிப் பந்து மட்டும் மோதினால், இலக்குப் பந்து 30 டிகிரி விலகிப் போகும். உருண்டு வந்த வெள்ளைப் பந்து ஏறத்தாழ 34 டிகிரி விலகும். இதைப் படிக்க ஐந்து நிமிடம் போதும். அந்த விளிம்பை நோக்கி நூல் பிடித்தது போல் கியூவைச் செலுத்துவதற்குத்தான் மாதங்கள் தேவைப்படும். தேர்வில் நூறு வாங்கும் கை மேசையில் நடுங்கலாம். பள்ளி இறுதி தாண்டாத கை நேராகப் போகலாம். முதல் வகுப்பிலேயே பலகையில் கோணம் வரைந்து நேரத்தைக் கரைக்கும் ஆசிரியரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருக்கலாம்.

"எல்லாம்தான் யூடியூப்ல இருக்கே"

இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. எப்படி நிற்க வேண்டும் என்று அது சொல்லும். பார்ப்பவர் எப்படி நிற்கிறார் என்று அதற்குத் தெரியாது. பாதித் தீர்வு அதே போனில் உண்டு. கியூவுக்கு நேர் எதிரே, கியூ உயரத்தில் போனை நிறுத்திப் பத்து அடிகளைப் பதிவு செய்தால் முழங்கை தானே காட்டிக்கொடுக்கும். தொலைவில் இருப்பவர் மாதம் ஒருமுறை பயிற்சியாளரைப் பார்த்து, மற்ற வாரங்களில் இப்படித் தன்னைத் தானே கண்காணிக்கலாம். செலவு பெருமளவு குறையும்.

"சாம்பியன்தான் நல்ல வாத்தியார்"

ஃபிராங்க் காலன் என்பவர் இங்கிலாந்தின் கடற்கரை ஊரான ஃபிளீட்வுட்டில் மீன் விற்றவர். ஆட்டக்காரராக அவர் உலகப் பட்டம் எதையும் வெல்லவில்லை. உலக சாம்பியன்களான ஸ்டீவ் டேவிஸும் ஸ்டீஃபன் ஹெண்ட்ரியும் தங்கள் கியூ வீச்சைச் சீர்செய்ய அவரிடம்தான் போனார்கள். மறுபக்கம், ஆறு முறை உலக சாம்பியனான ரே ரியர்டன், 2004-ல் ரானி ஓசல்லிவனுக்குக் கற்றுத்தந்தது அடிப்பதை அல்ல. எப்போது அடிக்காமல் இருப்பது என்பதை. அந்த ஆண்டு உலகப் பட்டம் ரானிக்கு வந்தது.

ஆகவே உள்ளூர்ப் போட்டிக் கோப்பைகளை எண்ணிப் பார்த்து ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதைவிட, முதல் வகுப்பில் அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பது மேல். மாணவனை முதலில் சும்மா ஆடவிட்டுப் பார்க்கிறாரா? ஒரே நேரத்தில் ஒரு குறையை மட்டும் தொடுகிறாரா? அடுத்த முறை வருவதற்குள் தனியாகச் செய்ய வேண்டியதைச் சொல்லி அனுப்புகிறாரா? முதல் வாரமே பந்தைப் பக்கவாட்டில் அடித்துச் சுழற்றும் வித்தை காட்டுபவர் கூட்டம் சேர்ப்பார். பக்கச் சுழற்சி வந்தால் வெள்ளைப் பந்து நேர்கோட்டை விட்டு விலகும். நேராக அடிக்கத் தெரியாதவருக்கு எது சுழற்சியின் பிழை, எது கையின் பிழை என்றே புரியாமல் போகும்.

சொந்தக் கியூ வாங்கியபின்தான் வகுப்பு என்பதும் இதே வகை அவசரம். கூடத்துக் கியூக்களை மேசையில் உருட்டிப் பார்த்து, தடுமாறாமல் உருள்வதை எடுத்துக்கொண்டு தொடங்கினால் போதும்.

"ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை கிடைக்கும்"

ஓஎன்ஜிசி என்றால் டெல்டாவில் எண்ணெய்க் கிணறும் போராட்டமும்தான் நினைவுக்கு வரும். பங்கஜ் அத்வானிக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே நிறுவனம்தான். ஆனால் அவர் 2006, 2010 ஆசியப் போட்டிகளில் பில்லியர்ட்ஸ் தங்கம் வென்றவர். 1998-ல் ஆசியப் போட்டிக்குள் வந்த இந்த ஆட்டம் 2010-க்குப் பிறகு அங்கிருந்து எடுக்கப்பட்டது; ஒலிம்பிக்கில் இதுவரை இல்லை. வேலையை நினைத்து வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"ஃபீஸ்தான் பெரிய செலவு"

ஒரு கற்பனைக் கணக்கு. வகுப்புக்கு 500 ரூபாய், நான்கு வகுப்பு: 2,000. மேசை வாடகை மணிக்கு 150. வாரம் மூன்று மணி நேரம் தனியாகப் பழகினால் பன்னிரண்டு வாரத்துக்கு 5,400. மொத்தம் 7,400-ல் வாத்தியார் பங்கு நாலில் ஒன்றுக்குச் சற்று மேல்தான். பாபநாசத்திலிருந்தோ ஒரத்தநாட்டிலிருந்தோ வருபவருக்குப் பஸ் காசு வேறு. வாத்தியாரை வெட்டினால் மிச்சம் 2,000. ஆனால் 5,400-ம் கோணல் கையைக் கெட்டிப்படுத்தவே போய்விடலாம். இதன் மறுமுனையும் உண்டு: பன்னிரண்டு வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு, இடையில் ஒரு மணி நேரம்கூடத் தனியாக ஆடாதவர். அவருக்கு ஒவ்வொரு வகுப்பும் போன வகுப்பின் மறுபதிப்புதான். அந்தக் காசுக்கு நண்பர்களோடு பத்து ஃபிரேம் ஆடியிருந்தால் சந்தோஷமாவது மிஞ்சியிருக்கும்.

கட்டுவதற்கு முன் எந்த மேசை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பூல் மேசை சிறியது, பந்து பெரியது. பக்கத்தில் பூல் மட்டுமே இருக்கும் ஊர்க்காரர் திருச்சிக்குப் போய் ஸ்னூக்கர் கற்றால், பழக இடம் இல்லாமல் நிற்பார்.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. ஆண்டுச் சந்தா கட்டினால் சலுகை என்று கூடம் சொல்லும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குப் பிறகு குறுவை நாற்று, நடவு, பிறகு சம்பா, தாளடி என்று வேலை இழுக்கும். ஜனவரி 28-ல் அணையை மூடினாலும் அறுவடையும் தரிசு உளுந்தும் பாக்கி இருக்கும். வாரம் மூன்று முறை டவுனுக்கு வரக் கை ஓய்வது பங்குனி, சித்திரையில்தான். அந்த இரண்டு மூன்று மாதங்களுக்கு மட்டும் பணம் கட்டி, நான்கு வகுப்புகளை அடுத்தடுத்து வைக்காமல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கேட்பது நல்லது. கூடத்தில் காலை வேளையில் தனியாகப் பழகுபவருக்கு வாடகை குறைப்பார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். மேசை சும்மா கிடக்கும் நேரம் அது.