பட்டன் போனா, டச் போனா: ஒரகடம் தொழிலாளிக்கான தேர்வு

ஸ்ரீபெரும்புதூர் சிப்காட் வளாகத்தில் 2006ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கி, வரித் தகராறு நீடித்த நிலையில் 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்ட நோக்கியா ஆலை, பெரும்பாலும் விலை குறைந்த விசைக் கைபேசிகளையே வெளியிட்டது. அங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள சுங்குவார்சத்திரத்தில் இன்று ஐபோன்கள் உருவாகின்றன. ஆலை செய்யும் பொருள் மாறிவிட்டது என்பதால் ஆலையில் வேலை செய்பவரின் தேவையும் அவ்வாறே மாறிவிட்டதாகக் கொள்ள இயலாது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்காக 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட குடியிருப்பிலோ ஒரகடத்து வாடகை அறையிலோ தங்கி, ஷிப்ட் முறையில் பணிபுரியும் ஒருவர், மக்கள் வழக்கில் பட்டன் போன் எனப்படும் விசைக் கைபேசி, இணைய வசதி கொண்ட 4ஜி பட்டன் போன், டச் போன் எனப்படும் தொடுதிரைக் கைபேசி ஆகிய மூன்றில் எதை வாங்குவது என்ற கேள்வி, விலையைவிட வேலையைப் பொறுத்தே தீர்மானிக்கத்தக்கது.

பட்டன் போனின் ஈர்ப்பை விளக்க 2003இல் வெளிவந்த நோக்கியா 1100 போதும். தூசி புகாத விசைப்பலகை, கை வியர்த்தாலும் வழுக்காத பக்கங்கள், மின்வெட்டுக்கு உதவும் டார்ச், பல நாள்கள் தாங்கும் பேட்டரி ஆகியவற்றோடு நின்றுகொண்ட அக்கைபேசி உலகெங்கும் 25 கோடிக்கும் மேல் விற்றது. பன்னிரண்டு மணி நேரம் அறைக்கு வெளியே இருப்பவருக்கும், கேமரா உள்ள கைபேசிகளை உற்பத்திக் கூடத்துக்குள் விடாத ஆலைகளில் பணிபுரிபவருக்கும் அந்தக் குணங்கள் இன்றும் பயன்படுவனவே.

ஆயினும் கருவியின் எளிமை வேறு, அதைக் கொண்டு முடிக்கும் காரியத்தின் எளிமை வேறு. வருங்கால வைப்பு நிதி, அதாவது தொழிலாளியின் பி.எஃப்., இதற்குத் தெளிவான சான்றாகும். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் வேலை மாறினாலும் மாறாத, யு.ஏ.என். எனப்படும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. அது செயல்படுத்தப்பட்டு, ஆதார் முதலிய அடையாள விவரங்களோடும் கைபேசி எண்ணோடும் இணைக்கப்பட்டிருந்தால், 9966044425 என்ற எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாலே இருப்புத் தொகை குறுஞ்செய்தியாக வந்துவிடும். செயலியோ கடவுச்சொல்லோ கட்டணமோ தேவைப்படாத, எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் பயன்படுத்தக்கூடிய இந்த ஏற்பாட்டை விஞ்சிய இணையச் சேவை அரிது என்றே சொல்ல வேண்டும். ஆனால் புதிதாக வேலைக்குச் சேர்பவர் 2025 ஆகஸ்ட் முதல் அந்த யு.ஏ.என். எண்ணைப் பெறுவதற்கே உமங் என்னும் அரசுச் செயலியில் முகத்தைக் காட்டி அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டியுள்ளது. அந்த இடத்தில் பட்டன் போன் வைத்திருப்பவர் அறைத்தோழரின் கைபேசியையோ ஒப்பந்ததாரரின் ஆளையோ பிரவுசிங் சென்டரையோ நாடி, தம் ஓ.டி.பி.யை, அதாவது ஒருமுறை மட்டுமே செல்லும் ரகசிய எண்ணை, இன்னொருவரிடம் சொல்லும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். கருவியிலிருந்து விலக்கிய சிக்கல் இவ்வாறு அடுத்தவர் கைக்குப் போய்ச் சேர்வதால், ஒருவர் மாதத்துக்கு எத்தனை முறை பிறர் கைபேசியை இரவல் கேட்கிறார் என்ற எண்ணிக்கையே தேர்வுக்குரிய நேர்மையான அளவுகோல்.

பணம் அனுப்புவதில் நிலைமை அவ்வளவு கடுமையானதன்று. இணையமின்றி, *99# என்று அழுத்தினால் திரையில் பட்டியலைக் காட்டும் முறை 2014இலிருந்தும், குரல்வழி அழைப்பு, மிஸ்டு கால் ஆகியவற்றின் மூலம் இயங்கும் யுபிஐ 123பே 2022 மார்ச்சிலிருந்தும் உள்ளன. முன்னதில் பட்டியல் சற்று நேரமே காத்திருக்கும்; விரல் தயங்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஊருக்கு மாதம் ஒருமுறை பணம் அனுப்புபவருக்கு இவை போதும். தேநீர்க் கடையிலும் ஷேர் ஆட்டோவிலும் நாள்தோறும் சில்லறையாகச் செலுத்துபவருக்கோ கியூஆர் குறியைப் படிக்கும் கேமராவே எளிது.

இடைப்பட்ட வகையில், 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் போன்ற 4ஜி பட்டன் போன்கள் யுபிஐ வசதியையும் தருகின்றன. எனினும் ஜியோபாரத் ஜியோ சிம்மை மட்டுமே ஏற்பது என்பதால், அறையில் எந்த நிறுவனத்தின் அலைவரிசை நன்றாகக் கிடைக்கிறது என்று பார்த்த பின்பே வாங்குவது தகும். மறுபுறம், பழைய 2ஜி கைபேசியில் ஜியோ சிம் வேலை செய்யாது. ரீசார்ஜ் செலவைப் பொறுத்தவரை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் இட்ட விதியின்படி, இணையம் சேராத, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களையும் நிறுவனங்கள் விற்றாக வேண்டும். கடைக்காரர் தாமாகச் சொல்லாவிட்டால் கேட்டு வாங்க வேண்டியது அது.

முதல் வேலையில் சேரும் இளைஞருக்கு, யு.ஏ.என். பதிவு ஒன்றுக்காகவேனும், விலை குறைந்த டச் போனே பொருந்தும். பி.எஃப். விவரங்கள் அனைத்தும் இணைந்துவிட்ட நெடுநாள் தொழிலாளிக்கும், ஊரிலிருக்கும் பெற்றோருக்கும் பட்டன் போன் குறை வைக்காது. இரண்டையும் வைத்திருப்போர், வங்கிக்கும் ஆதாருக்கும் யு.ஏ.என்.னுக்கும் கொடுத்த சிம்மைப் பட்டன் போனில் போட்டு, இணையத்துக்கு வேறு சிம் வைத்துக்கொண்டால், டச் போன் தொலைந்தாலும் ஓ.டி.பி. வரும் வழி அடைபடாது. சலுகைக்காகப் புதிய எண் வாங்கிப் பழையதைக் கைவிடுவதுதான் இவ்வட்டாரத்தில் மேற்சொன்ன எளிய சேவைகளையெல்லாம் ஒரே நாளில் பயனற்றவையாக்கும் செயல். நிறுவனம் பிடிக்காவிட்டால், போர்ட் செய்து அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம்.