ஐந்தரை வருடம் என்று எண்ணிச் சேர்

அன்புள்ள பெண்ணுக்கு,

பி.எஸ்ஸி. நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ் படிக்க ஆசைப்படுகிறாய். “சமைக்கக் கத்துக்க மூணு வருஷம் காலேஜா?” என்று அப்பா கேட்பதாக எழுதியிருக்கிறாய். பல காலம் மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாகப் படி. ஆனால் மூன்று வருடத்தோடு முடிந்துவிடும் படிப்பு என்று நினைத்துச் சேராதே.

அப்பாவுக்கு ஒன்று சொல். எங்கள் வார்டில் சிறுநீரகம் பழுதான பெரியவர் ஒருவர் இருந்தார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போனது. 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய அளவு அது. மிஞ்சிப் போனால் இதயத் துடிப்பே தடுமாறும். டாக்டர் மருந்தை மாற்றிப் பார்த்தார், இறங்கவில்லை. இளநீர், வாழைப்பழம் எல்லாம் அந்த வீட்டில் எப்போதோ நிறுத்தியாகிவிட்டது. அவருடைய மனைவியை உட்காரவைத்து, காலைக் காபியில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கேட்டேன். ரசத்துக்கு வந்தபோது, “பிரஷருக்கு நல்லதுன்னு சொன்னாங்கம்மா, சோடியம் கம்மியான உப்புதான் வாங்கிப் போடறேன்” என்றார். அந்த வகை உப்பில் சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அதனால் நன்மை உண்டு. இவருக்கு அது விஷம். அன்றே அந்தப் பாக்கெட்டை நிறுத்தச் சொன்னேன். காய்களைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத் தாளிக்கும்படி அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

வேலை இப்படித்தான் இருக்கும். லேப் ரிப்போர்ட்டையும் படிக்க வேண்டும், அடுத்தவர் வீட்டு அடுப்படியையும் தெரிந்துகொள்ள வேண்டும். உயிர்வேதியியல் என்றாலே கசக்கிறது என்றால் இந்தப் படிப்பு உனக்கு வேண்டாம். “உப்பு குறைச்சுத்தான் சாப்பிடறேன்” என்பவரிடம் கருவாடு, அப்பளம், ஊறுகாய் என்று முகம் சுளிக்காமல் கேட்கும் பொறுமை இல்லையென்றாலும் வேண்டாம்.

இனி பிழைப்பைப் பார்ப்போம். பி.எஸ்ஸி.யோடு நிறுத்தியவர்கள் பலர் உடல் எடை குறைக்கும் சென்டர்களில் மாத டார்கெட்டுக்கு புரோட்டீன் பவுடர் விற்றுக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். நல்ல மார்க் வாங்கிய பெண்கள் அவர்கள். எனக்கு மனது ஆறுவதில்லை. எம்.எஸ்ஸி. முடித்து, மருத்துவமனையில் ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் செய்து, இந்திய டயட்டெடிக் சங்கம் நடத்தும் தேர்வில் தேறினால் ‘ஆர்.டி.’, அதாவது பதிவு பெற்ற டயட்டீஷியன். பெரிய மருத்துவமனைகளில் இந்த இரண்டு எழுத்துக்கு மதிப்பு அதிகம். கூட்டிப் பார், ஐந்தரை வருடம். அதற்குப் பிறகும் முதல் சில வருடங்களுக்குச் சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது, சிறிய ஊர்களில் இன்னும் குறைவு. வீட்டில் கடன் வாங்கித்தான் படிக்க வைக்க வேண்டும் என்றால், அதிகக் கட்டணம் கேட்கும் இடத்தில் இந்தப் படிப்புக்காகக் கடன்படாதே. அரசுக் கல்லூரியோ அரசு உதவி பெறும் கல்லூரியோ கிடைத்தால் தயங்காமல் சேர்.

விதிகளும் மாறி வருகின்றன. 2021-இல் வந்த துணைநிலை மருத்துவத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் டயட்டீஷியன்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று 2025-இல் யு.ஜி.சி. சொல்லிவிட்டது. அதனால் “வீட்டிலிருந்தே டிகிரி” என்று யார் அழைத்தாலும் போகாதே.

மருத்துவமனை மட்டும்தான் வழி என்றும் நினைக்காதே. குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்தும்போது சத்துணவியல், மனையியல் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். அங்கன்வாடிகள் அந்த அலுவலரின் பொறுப்பில்தான் வருகின்றன. ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தால் ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. அது 1918-இல் நம் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய சிறிய கூடத்திலிருந்து வளர்ந்தது. 1982-இல் சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கிய மாநிலம் நம் தமிழகம். 2022-இல் காலை உணவுத் திட்டத்தையும் தொடங்கியது. அப்படியிருந்தும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. இந்தப் படிப்பு படித்தவர்களுக்கு இங்கே செய்ய வேண்டிய வேலை மலையளவு இருக்கிறது. அந்த அளவுக்குப் பணியிடங்களை உருவாக்காதது அரசின் குறை. அதை நாம் உரக்கக் கேட்க வேண்டும்.

விண்ணப்பம் போடும் முன் அந்தக் கல்லூரியில் போன வருடம் முடித்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்துப் பேசு. இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள், இன்டர்ன்ஷிப்புக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், புதிய ஆணையத்தின் பாடத்திட்டத்துக்குக் கல்லூரி மாறிவிட்டதா என்று கேள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அத்தை போன்ற ஒருத்தி