மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்புவது எப்படி?



பிற அறிவியல் துறைகளில் புதிய முடிவுகள் பெரும்பாலும் இதழ்களிலேயே வெளியாகும். கணிப்பொறி இயலிலோ மாநாட்டுக்குத்தான் முதலிடம். கோட்பாட்டுக் கணிப்பொறி இயலுக்கான எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ். மாநாடு 1981-ஆம் ஆண்டு நம் பெங்களூரில்தான் முதன்முதலாகக் கூடியது. 2008-இல் மீண்டும் இங்கே கூடியபோது, அதன் கட்டுரைத் தொகுதி எவரும் கட்டணமின்றிப் படிக்குமாறு வெளியாயிற்று. முன்மாதிரி தேடுவோர் அதைப் படிக்கலாம்.

"சிற்றூர்க் கல்லூரியில் படித்தவன் கட்டுரையை யார் மதிப்பார்?" என்று நம்மவர் தயங்குகின்றனர். தமிழ்வழிப் பள்ளியில் பயின்று இந்நகருக்கு வந்த நான் சொல்கிறேன்: அச்சம் வேண்டா! இன்று பல மாநாடுகளில் எழுதியவர் பெயரோ கல்லூரியோ மதிப்பீட்டாளருக்குத் தெரிவதில்லை. அத்தகைய மாநாட்டுக்கு அனுப்புங்கால், பெயரை நீக்கினால் மட்டும் போதாது. "என் முந்திய ஆய்வில்" என்று எழுதாமல், அதனையும் பிறர் ஆய்வு போலவே சுட்ட வேண்டும்.

நீங்கள் கண்டது என்ன, முன்னோர் கண்டதினும் அது எவ்வாறு மேம்பட்டது என்பவற்றை முதற்பக்கத்திலேயே கூறிவிடுங்கள். ஆங்கிலம் எளிதாயிருந்தால் குறையில்லை; நிறுவலில் ஓட்டை இருத்தல் கூடாது. ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு மாநாடுகளுக்கு அனுப்புவது முறையன்று.

இறுதி நாளுடன் 'ஏ.ஓ.இ.' என்றிருந்தால், உலகில் எங்கேனும் அந்நாள் முடியாதிருக்கும்வரை அனுப்பலாம் என்பது பொருள். நமக்கு அது மறுநாள் மாலை 5.29 மணி.

கட்டுரை ஏற்கப்படாவிடினும் மதிப்பீட்டாளர் குறிப்புகள் பெரும்பாலும் கைக்கு வரும். அவற்றைக் கொண்டு திருத்தி, அடுத்த மாநாட்டுக்கு அனுப்புங்கள். அனுப்பாத கட்டுரைக்கு அந்த உதவியும் கிட்டாது.