தோல் எஃகைத் தீட்டுமா?

கடினமான பொருள்தான் மென்மையான பொருளைத் தேய்க்கும் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். கண்ணாடியை வைரம் கீறும். வைரத்தைக் கண்ணாடி கீறாது. அப்படியானால் ஒரு கேள்வி. சவரக் கத்தி கடினமான எஃகால் ஆனது. தோலோ நகத்தால் அழுத்தினாலே தடம் விழும் அளவுக்கு மென்மையானது. முடிதிருத்துநர்கள் கத்தியைத் தோல்வாரில் முன்னும் பின்னும் இழுத்துத் தீட்டினார்களே, அது எப்படிக் கூராயிற்று?

நான் பள்ளியில் படித்த காலத்தில், எங்கள் ஊர் சலூனில் நாற்காலியின் பக்கத்தில் ஒரு வார் தொங்கும். ஒரு நாள் கடைக்காரர் வெளியே போன நேரத்தில் நானும் கத்தியை எடுத்து இழுத்துப் பார்த்தேன். வழவழப்பான வாரில் ஒரு விரற்கடை நீளத்துக்கு வெட்டு விழுந்துவிட்டது. திரும்பி வந்தவர் திட்டவில்லை. “முதுகு முன்னால போகணும் தம்பி, வாய் பின்னால வரணும்” என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லுக்குள் இருந்த இயற்பியல் எனக்குக் கல்லூரியில்தான் விளங்கியது.

கூர் என்றால் என்ன?

நன்கு தீட்டிய சவரக் கத்தியின் வாய் அரை மைக்ரானுக்கும் குறைவான தடிப்புடையது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தாடி முடியின் தடிப்பு ஏறத்தாழ 100 மைக்ரான்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். கத்தியின் வாயில் 5 செ.மீ. நீளத்தில் 1 நியூட்டன் விசை, அதாவது சுமார் 100 கிராம் எடை, செயற்படுகிறது என்க. வாயின் தடிப்பு அரை மைக்ரான். பரப்பு 0.05 x 0.0000005 = 0.000000025 சதுர மீட்டர். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் 4 கோடி பாஸ்கல். இது வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 400 மடங்கு! அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள மழுங்கிய கத்தியில் அதே விசை தரும் அழுத்தம் இதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். கூர் என்பது பரப்பைக் குறைக்கும் கலையே.

ஆனால் இவ்வளவு மெல்லிய எஃகு, தாள் போல எளிதில் வளைந்துவிடும். முடிகூட அதைக் கெடுத்துவிடும். 2020-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெம் தாசான் குழுவினர் சவர பிளேடுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். எஃகைவிட முடி சுமார் 50 மடங்கு மென்மையானது. ஆயினும் முடி வளைந்து சாய்ந்து நிற்கும்போது, வாயில் ஏற்கெனவே பலவீனமான இடத்தில் நுண்ணிய துணுக்கைப் பெயர்த்துவிடுகிறது என்று கண்டார்கள்.

வார் செய்யும் வேலை

சாணைக்கல்லில் தீட்டும்போது கத்தியின் வாயில் மெல்லிய பிசிர் எஞ்சும். சவரம் செய்யும்போதும் வாய் அங்கங்கே மடங்கும். கத்தியை வாரில் இழுத்தால், மடங்கிய பகுதி உராய்வினால் நிமிர்கிறது. பலவீனமான பிசிர் இப்புறமும் அப்புறமும் வளைந்து ஒடிந்து போகிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்து முறிப்பதில்லையா, அதே உலோகச் சோர்வுதான் இது.

ஆகவே தோல் எஃகைத் தேய்ப்பதில்லை, பெரும்பாலும் நிமிர்த்துகிறது. நம் விதி பொய்க்கவில்லை. சிலர் வாரில் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடுப் பசையைப் பூசுவார்கள். அப்போது எஃகு உண்மையிலேயே தேயும். ஆனால் தேய்ப்பது தோலன்று. எஃகைவிடக் கடினமான அந்தத் தூள்.

முதுகு ஏன் முன்னால் போக வேண்டும்?

சாக்லெட் சுற்றிய வெள்ளித்தாளை மேசைமேல் விரியுங்கள். அதன் ஓரத்தைச் சிறிது மடித்து விடுங்கள். தாளின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் துணியால் தேயுங்கள். மடிப்பு நிமிரும். இப்போது ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தேயுங்கள். தாள் கசங்கிச் சுருண்டுவிடும். மெல்லிய தகடு இழுவிசையைத் தாங்கும். அமுக்குவிசை வந்தால் துவண்டுவிடும். கத்தியின் முதுகு முன்னால் போனால் வாய்க்குக் கிடைப்பது இழுவிசை. வாய் முன்னால் போனால் அது தோலுக்குள் இறங்கும். எனக்கு நேர்ந்தது அதுவே.

நல்ல வார் எது?

சுமார் 45 செ.மீ. நீளமும் 6 முதல் 7 செ.மீ. அகலமும், வழவழப்பான பரப்பும் வேண்டும். பட்டைச்சாறில் பதனிட்ட தோல் சிறந்தது. அது விறைப்பானது, அதிகம் நீளாது. தமிழ்நாட்டில் முன்பு ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்டது இவ்வகையே. வாரை இறுக்கிப் பிடிக்க வேண்டும். தொய்ந்தால் தோல் வாயைச் சுற்றி வளைந்து, கூரை உருட்டிவிடும். அத்தகைய தோலை மரப்பலகையில் ஒட்டினால் தொய்வே இராது. கத்தியைத் திருப்பும்போது முதுகின்மேல் புரட்ட வேண்டும். தோலில் மணல் துகள் படியலாகாது. மணலிலுள்ள குவார்ட்ஸ் கத்தியின் வாயைக் கீறிவிடும். வாயில் பல் விழுந்துவிட்டாலோ வாரால் பயனில்லை, சாணைக்கல்தான் வழி.

இன்று பல சலூன்களில் ஒருவருக்கு ஒரு பிளேடு என்று மாற்றுகிறார்கள். இது மிக நல்ல வழக்கம். மஞ்சட்காமாலைக்குக் காரணமான ‘ஹெபடைடிஸ் பி’, ‘சி’ வைரசுகள் ஒருவரின் இரத்தம் பட்ட கத்தி வழியே மற்றவருக்குப் பரவக்கூடும். புதிய பிளேடுதானா என்று நீங்களும் கேட்டுப் பாருங்கள், அதில் தவறில்லை.

மாணவர்களே, சோதனையை வெள்ளித்தாளோடு நிறுத்துங்கள்; சவரக் கத்தியைத் தொட வேண்டாம். ஆனால் அடுத்த முறை ஒரு தொழிலாளி “இப்படித்தான் செய்ய வேண்டும்” என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள். அதற்குள் ஒரு பாடம் இருக்கலாம்.